கனியும் கதிரும்

உலகில் வாழும் உயிர்கள் அனைத்திற்கும் கதிரவனே முதற்காரணம். கதிரொளி இன்றேல் பயிர் விளையாது. பயிர் விளையாவிடின் உணவு இல்லை. உணவு இல்லையேல் உயிர் இல்லை. ஆயினும், வாழ்வளிக்கும் அவ்வொளியே அளவு மிகுந்தவிடத்துத் துன்பமும் தருகின்றது. சித்திரை, வைகாசித் திங்களில் நண்பகல் வேளையில் வயலில் களையெடுப்போரும், சாலையில் சல்லிக்கல் பரப்புவோரும், கடலில் கட்டுமரம் செலுத்துவோரும் இவ்வுண்மையை நூல் கற்று அறிந்தவரல்லர். தம் தோலின் வாயிலாகவே அறிந்தவர்கள். கழுத்தின் பின்புறம் வரிவரியாகச் சுருங்கி, தோளும் முதுகும் தடித்துக் கறுத்து, ஐம்பது வயதிலேயே எழுபது வயதின் முகத்தைப் பெற்றுவிட்ட உழைப்பாளர்களை ஊர்தோறும் காணலாம்.

அதே வேனிற் காலத்தில் கடைத்தெருவில் எலுமிச்சையும் சாத்துக்குடியும் குவிந்து கிடக்கின்றன. இக்கனிகளை நாள்தோறும் உண்டால் வெயில் தோலை வாட்டாது என்று கூறுவோர் உளர். எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டால் கருமை நீங்கித் தோல் வெளுக்கும் என்று கூறுவோரும் உளர். முதற் கூற்றில் சிறிதளவு உண்மை உண்டு. இரண்டாம் கூற்றை நம்பி நடப்பதில் பெருந்தீங்கு உண்டு. கனி ஒன்றே, ஆனால் அதனால் விளையும் பயன் இருவேறு வகைப்படுகின்றது. இதன் காரணத்தை ஆராய்ந்து அறிதல் இன்றியமையாதது.

கதிரொளியில் கண்ணுக்குப் புலனாகும் நிறங்கள் ஏழு என்பர். கண்ணுக்குப் புலனாகாத கதிர்களும் அதில் உண்டு. 1801-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் ஜீனா நகரில் வாழ்ந்த ரிட்டர் என்னும் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஒளி பட்டால் கறுக்கும் தன்மையுடைய வெள்ளி உப்பைத் தாளில் தடவி, முப்பட்டைக் கண்ணாடியினால் பிரிக்கப்பட்ட நிறங்களின்மீது வைத்தார். ஊதா நிறத்திற்கு அப்பால், ஒளியே இல்லாததுபோல் தோன்றிய இடத்திலேதான் அவ்வுப்பு மிகுதியாகக் கறுத்தது. அங்கும் ஏதோ ஒரு கதிர் விழுகின்றது என்று அவர் உணர்ந்தார். அதுவே இன்று புற ஊதாக் கதிர் எனப்படுகின்றது.

புற ஊதாக் கதிர்களுள் நிலத்தை வந்தடைவன இருவகையின. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ள குறுங்கதிர்கள் தோலின் மேற்பரப்பைத் தாக்கிச் சிவக்கவும் எரியவும் செய்கின்றன. உயிரணுக்களின் கருவில் உள்ள மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. அச்சிதைவு மிகுந்து, உடலால் செப்பனிட இயலாமற் போனால், நாளடைவில் தோற் புற்றுநோய் தோன்றவும் கூடும். 315 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள நெடுங்கதிர்கள் எரிச்சலை அத்துணை உண்டாக்குவதில்லை. ஆனால், அவை தோலின் உள்ளடுக்கு வரை ஊடுருவிச் செல்கின்றன. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நாரிழைகளை அவை நைந்துபோகச் செய்கின்றன. உழைப்பாளரின் கழுத்தில் காணப்படும் சுருக்கங்களுக்கு இவையே பெரிதும் காரணமாவன. சன்னற் கண்ணாடி குறுங்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நெடுங்கதிரை அவ்வாறு தடுக்காது.

இத்தாக்குதலை எதிர்க்க உடலிலும் சில அரண்கள் உள்ளன. மெலனின் என்னும் கருநிறமி, கதிரை வாங்கிக்கொண்டு உட்புறத்தைக் காக்கின்றது. கருநிறத் தோல் இயற்கை அளித்த குடை எனலாம். அதனை இழிவாகக் கருதுவது அறியாமையே அன்றி வேறன்று. எனினும், அக்குடையும் எல்லாக் கதிர்களையும் தடுத்துவிடுவதில்லை. கதிர் புகுந்த இடத்தில் நிலையற்ற ஆக்சிசன் துகள்கள் தோன்றி, அருகில் உள்ள பொருள்களையெல்லாம் தாக்குகின்றன. அவற்றை அடக்குவதற்கு உடல் சில பொருள்களைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. சிலவற்றை உணவின் வழியாகப் பெறுகின்றது. இங்கேதான் கனியின் துணை தொடங்குகின்றது.

எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி, சாத்துக்குடி, பம்பளிமாசு ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பக் கனிகளின் தாயகம் ஆசியக் கண்டம். ஆங்கிலத்தில் வழங்கும் ஆரஞ்சு என்னும் சொல்லும் இப்பகுதியினின்றே புறப்பட்டது. நாரத்தை என்பதனோடு உறவுடைய நாரங்கம் என்னும் சொல் பாரசீகத்திலும் அரபு மொழியிலும் புகுந்து, ஸ்பானிய நாட்டின் வழியாக ஐரோப்பிய மொழிகளில் பரவியது. அச்சொல்லின் வேர் திராவிட மொழிகளிலேயே இருத்தல் கூடும் என்று மொழிநூலார் பலர் கருதுகின்றனர்.

இக்கனிகளைக் கையில் எடுத்து உரித்தால் மூன்று பகுதிகள் புலப்படும். எண்ணெய் நிறைந்த வண்ணத் தோல் ஒன்று. அதன் உட்புறத்தில் பஞ்சு போன்ற வெண்பகுதி ஒன்று. சாறு நிறைந்த சுளைகள் ஒன்று. 1828-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாராகிய லெபிரத்தோன் என்பவர், பலரும் பயனற்றதென்று உரித்தெறியும் அவ்வெண்பகுதியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்தம் பழங்கதையில் பொற்கனிகள் காய்க்கும் தோட்டத்தைக் காத்து நின்ற மங்கையரின் பெயரைத் தழுவி, அதற்கு எஸ்பெரிடின் என்னும் பெயர் வழங்கலாயிற்று. இதனை ஒத்த பொருள்கள் பல பின்னர்க் கண்டறியப்பட்டன. அவை யாவும் பிளேவனாய்டுகள் என்று ஒரு பெயரால் வழங்கப்படுகின்றன. மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் அது.

ஓரிடத்தில் வேரூன்றிய மரம் வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடி ஓட இயலாது. ஆதலின் தனக்கு வேண்டிய குடையைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. இலையின் மேற்புறத்து அணுக்களில் பிளேவனாய்டுகளும் அவற்றைச் சார்ந்த பொருள்களும் நிறைந்து நின்று, புற ஊதாக் கதிர்களை உட்செல்லாமல் தடுக்கின்றன. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் இதனைச் சோதித்துக் காட்டினர். பிளேவனாய்டுகளை ஆக்கும் ஆற்றலை இழந்த செடிகள், குறுங்கதிர் பட்டபோது மற்றச் செடிகளைவிட மிகுதியாகக் கேடுற்றன. செடிக்கு இப்பொருள் கேடயமாய் விளங்குகின்றது என்பதில் ஐயமில்லை.

செடியைக் காக்கும் பொருள், அதனை உண்ணும் மனிதனையும் காக்குமா என்பதே அடுத்த வினா. ஆம் என்று உடனே விடை கூறத் தோன்றும். அவ்வாறு விரைந்து கூறுவது எத்துணைத் தவறாக முடியும் என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே ஒரு நல்ல சான்று உண்டு.

ஹங்கேரி நாட்டிலே செகெட் என்னும் நகரின் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்னும் பேரறிஞர் பணியாற்றி வந்தார். கடலோடிகளைப் பல நூற்றாண்டுகளாக வாட்டிய ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் உயிர்ச்சத்தாகிய வைட்டமின் 'சி' யாது என்று 1932-ஆம் ஆண்டில் நிறுவியவர்களுள் அவர் ஒருவர். அச்சத்தை மிகுதியாகப் பெறும் வழி அறியாது அவர் இடர்ப்பட்டிருந்தார். ஒருநாள் இரவு அவருடைய மனைவியார் உணவோடு செம்மிளகாயையும் படைத்தார். அதனை உண்ண விருப்பமின்றி, ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்று சோதித்துப் பார்த்ததாகவும், அதில் அவ்வுயிர்ச்சத்து நிறைந்திருந்ததாகவும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். செகெட் நகரமோ மிளகாய்ச் சாகுபடிக்குப் பேர்பெற்ற ஊர். வேண்டிய சத்து விரைவில் கிலோ கணக்கில் கிடைத்தது.

அக்காலத்தில், தோலுக்கு அடியில் நுண்ணிய குருதிக் குழாய்கள் எளிதில் உடைந்து குருதி கசியும் நோயாளர்களை மருத்துவர்கள் கண்டனர். அவர்களுக்கு முற்றும் தூய்மை செய்யப்படாத வைட்டமின் 'சி' பயன் தந்தது; தூய்மை செய்யப்பட்ட பின்னரோ அது பயன் தரவில்லை. ஆதலின், தூய்மையற்ற கலவையில் வேறொரு சத்து இருத்தல் வேண்டும் என்று சென்ட்-ஜியார்ஜியும் ருஸ்னியாக் என்னும் மருத்துவரும் கருதினர். எலுமிச்சையினின்று சிட்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, 1936-ஆம் ஆண்டில் அதனைப் புதிய உயிர்ச்சத்து என்று அறிவித்தனர். ஊடுருவுந் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு வைட்டமின் 'பி' என்று பெயரிட்டனர். தமிழில் எழுதுங்கால் எழுத்து ஒன்றாயினும், தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து 'பி' வேறு, இது வேறு. அந்தச் சிட்ரினில் அடங்கியிருந்தவை எஸ்பெரிடின் முதலிய பிளேவனாய்டுகளே.

புதிய உயிர்ச்சத்தைப் பற்றிய செய்தி எங்கும் பரவியது. ஆனால் மற்ற ஆய்வுக்கூடங்களில் அதே சோதனையைச் செய்தபோது அதே முடிவு கிட்டவில்லை. சென்ட்-ஜியார்ஜியும் தம் சோதனைகளை மீண்டும் ஆராய்ந்து, 1937-ஆம் ஆண்டிலேயே முன்னைய உறுதியைத் தளர்த்தி எழுதினார். அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். உலகம் புகழும் வேளையில் தம் கருத்தைத் தாமே ஐயுற்று நோக்குதல் எளிய செயலன்று. உயிர்ச்சத்து என்பது அஃது இல்லையேல் நோய் உண்டாகும் இயல்பினது. பிளேவனாய்டுகள் இன்மையால் தனியாக ஒரு நோய் தோன்றுவதாக எவரும் காட்டவில்லை. ஆகவே, 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழுவினர் வைட்டமின் 'பி' என்னும் அப்பெயரையே கைவிடுமாறு பரிந்துரைத்தனர். உயிர்ச்சத்து என்னும் பட்டம் போயிற்று. எனினும், அப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி நின்றுவிடவில்லை.

உண்ட கனியினின்று தோலுக்குச் செல்லும் வழி நெடியது. எஸ்பெரிடின் ஒரு சர்க்கரையோடு பிணைந்திருக்கின்றது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுத்த பின்னரே அஃது உடலினுள் புகுகின்றது. புகுந்ததும் கல்லீரல் அதனை மாற்றியமைக்கின்றது. குருதியில் சேர்வது சிறிதளவே. அதுவும் ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றது. இலையில் நிறைந்து நின்று கதிரைத் தடுப்பது போல, மனிதனின் தோலில் அது சுவராக நிற்பதற்கு வழியில்லை. கதிர் விளைக்கும் கேட்டைச் சிறிது தணிப்பதற்கு அது துணை செய்யலாம் என்பதே அறிஞர் கருத்து.

அத்துணையை அளந்தறிய முயன்றோரும் உண்டு. தோலில் சிறு பகுதியின்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு கதிர் பட்டதும் தோல் சிவக்கின்றது என்று அளப்பர். 2014-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர்கள், ஆரஞ்சுக் குடும்பக் கனிகளின் பிளேவனாய்டுகளையும் ரோஸ்மேரி என்னும் நறுஞ்செடியின் சாரத்தையும் சேர்த்துச் சிலருக்கு நாள்தோறும் 250 மில்லிகிராம் கொடுத்து வந்தனர். தோல் சிவப்பதற்கு வேண்டிய கதிரின் அளவு எட்டு வாரங்களில் நூற்றுக்கு 34 பங்கும், பன்னிரண்டு வாரங்களில் நூற்றுக்கு 56 பங்கும் உயர்ந்தது.

இம்முடிவு மகிழ்ச்சி தருவதே. ஆயினும், இதனை எடை போட்டுப் பார்த்தல் வேண்டும். கொடுக்கப்பட்டது கனியன்று, இருவகைச் சாரங்களின் கலவை. எதனால் எவ்வளவு பயன் விளைந்தது என்று இச்சோதனை பிரித்துக் காட்டவில்லை. சோதனைக்கு உட்பட்டோரும் மிகச் சிலரே. மேலும், கணக்கிட்டுப் பார்த்தால் பயனின் எல்லையும் விளங்கும். வெயிலில் இருபது நிமிடம் நின்றால் தோல் சிவக்கும் ஒருவருக்கு, மூன்று திங்கள் அக்கலவையை உண்ட பின்னர் முப்பத்தொரு நிமிடத்தில் சிவக்கும். பதினொரு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவே. நாள் முழுதும் வயலில் நிற்பவருக்கு அப்பதினொரு நிமிடம் எம்மாத்திரம்? நெருங்க நெய்த ஒரு பருத்திச் சட்டையோ, நல்ல குடையோ தரும் காப்பு இதனினும் பன்மடங்கு பெரிது.

இனி, எலுமிச்சைச் சாற்றைத் தோலில் பூசும் வழக்கத்தை நோக்குவோம். எலுமிச்சையில் பிளேவனாய்டுகளோடு பெர்காப்டென் முதலிய வேறு சில பொருள்களும் உள்ளன. இவை சாற்றைவிடத் தோலின் எண்ணெயில் மிகுதி. இருளில் இவற்றால் தீங்கில்லை. ஆனால், இவை படிந்த தோலின்மீது வெயிலின் நெடுங்கதிர் பட்டதும், இவை அக்கதிரின் ஆற்றலை ஏற்று உயிரணுக்களைத் தாக்குகின்றன. உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்தே சிவந்து, எரிந்து, கொப்புளம் எழும். புண் ஆறிய பின்னரும் கருந்தழும்பு பல வாரங்களோ திங்களோ மறையாது நிற்கும். வெளுக்க வேண்டும் என்று பூசியவருக்குக் கருமையே மிஞ்சுகின்றது. திறந்த வெளியில் எலுமிச்சை பிழிந்தோர் கையிலும், பழச்சாறு வழிந்த குழந்தையின் வாய்ப்புறத்திலும் இத்தழும்புகள் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

இப்பொருள்களின் இனத்தைச் சேர்ந்ததே கார்போகரிசியில் உள்ள சொராலென் என்பதும். வெண்புள்ளி நோய்க்குக் கார்போகரிசியைப் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. இக்கால மருத்துவரும் சொராலெனையும் நெடுங்கதிரையும் சேர்த்து, அளந்து, அந்நோய்க்குப் பயன்படுத்தினர். அளவறிந்த மருத்துவர் கையில் மருந்தாகும் பொருள், அளவறியாதார் கையில் நஞ்சாகின்றது.

2015-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றும் எண்ணத்தக்கது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட செவிலியரையும் பிற மருத்துவத் துறையினரையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து வந்ததில், இக்கனிகளை மிகுதியாக உண்டவர்களிடையே மெலனோமா என்னும் தோற் புற்றுநோய் சற்று மிகுந்து காணப்பட்டது. அவர்கள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலினர். இரண்டு செய்திகள் ஒருங்கே காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது; கனி உண்பதை நிறுத்துமாறு அந்த அறிஞரும் கூறவில்லை. ஆனால், கனியை உண்டோம், இனி வெயிலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று இறுமாந்திருத்தல் தகாது என்பதை அவ்வாராய்ச்சி நினைவூட்டுகின்றது.

அங்ஙனமாயின் இக்கனிகளால் தோலுக்குப் பயனே இல்லையோ எனின், உண்டு. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை உடல் செவ்வனே ஆக்கிக்கொள்வதற்கு வைட்டமின் 'சி' இன்றியமையாதது. அச்சத்து அறவே குறைந்தால் ஈறு வீங்கிக் குருதி கசியும். பழைய புண்ணும் மீண்டும் திறந்துகொள்ளும். நாள்தோறும் ஒரு சாத்துக்குடியோ நெல்லிக்கனியோ கொய்யாவோ உண்பவருக்கு அக்குறை நேராது. சாற்றை வடிகட்டிக் குடிப்பதைவிட, வெண்பகுதி சிறிது ஒட்டியிருக்கச் சுளையாகவே தின்பது பிளேவனாய்டுகளையும் நார்ச்சத்தையும் சேர்த்தே தரும். கனி உள்ளிருந்து தோலை வளர்க்கும் உணவு. வெயிலை வெளியே நிறுத்தும் வேலி அன்று.

வேலியை மனிதனே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். தலைப்பாகை கட்டியும், ஓலைக்குடை பிடித்தும், விடியுமுன் ஏர் பூட்டி உச்சிப்பொழுதில் மரநிழலில் இளைப்பாறியும் வாழ்ந்த முன்னோர் இவ்வேலியை அறிந்திருந்தனர். அதனை அளந்தறிய எளிய வழியும் ஒன்று உண்டு. வெயிலில் நிற்பவர் தம் நிழலை நோக்குதல் வேண்டும். நிழல் தம் உயரத்தினும் நீண்டிருந்தால் குறுங்கதிரின் கடுமை குறைவு. நிழல் உயரத்தினும் குறுகியிருந்தால் கடுமை மிகுதி. குறுகிய நிழல் கண்டவிடத்துக் குடையையோ மரத்தடியையோ நாடுதல் அறிவுடைமை. அவ்வாறு நாட இயலாது உழைப்போருக்கு முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துணியும் கிடைக்கச் செய்தல் வேலை வாங்குவோரின் கடமை.

ஒரு கனியைப் பற்றி மக்கள் கூறுவன பல. அவற்றுள் எது மெய், எது பொய், எது எவ்வளவு மெய் என்று அளந்து காண்பதே அறிவியல். தாம் அறிவித்த உயிர்ச்சத்தைத் தாமே ஐயுற்று ஆராய்ந்த சென்ட்-ஜியார்ஜியின் நேர்மை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாத்துக்குடியை உரித்து உண்ணும் கை, வெயிலில் இறங்குமுன் குடையையும் எடுத்துக்கொள்ளுமாயின், அவர் போன்றோரின் உழைப்பு வீணாகவில்லை எனலாம்.